பூஜையில் உட்கார்ந்த பெட்டி

ஆயுத பூஜை அன்று ஆயுதங்களுக்கு ஓய்வு. அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அரசாங்கம் கொடுத்த பெட்டிக்கும் அந்த ஓய்வு உண்டா என்று பத்துமலை யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போன வாரம் அந்தக் கடிதம் வந்திருக்காது, தினேஸ்வரியும் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் திரிந்திருக்க மாட்டாள்.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஈப்போ புந்தோங்கில் ஒரு தகரக் கொட்டகை, அதில் இரண்டு பஸ். அதுதான் மலைமகள் பஸ் கம்பெனி. முதலாளி பத்துமலைக்கு அறுபத்தேழு வயது, இன்னும் ஸ்டியரிங்கை விட மனம் வரவில்லை. நிர்வாகம் மகள் தினேஸ்வரி கையில். கம்ப்யூட்டர் வேலையும், அப்பாவுக்கு முடியாதபோது பஸ் ஓட்டுவதும் தம்பி பவித்ரன். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் ஷாமினி, ஊர் தெலுக் இந்தான்.

இவர்களுடைய 37-ம் நம்பர் பஸ் ஈப்போவில் கிளம்பி, தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் நுழைந்து வெளிவந்து, ஆத்தர்லி தோட்டம் வரை போய்த் திரும்பும். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, பாதித் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஆனாலும் பழைய லயத்து வரிசை வீடுகளில் இன்னும் நாற்பது குடும்பம் இருக்கிறது. அவர்களுக்கு வேறு பஸ் கிடையாது.

அந்த வழியில் டிக்கெட் காசை மட்டும் நம்பினால் டயர்கூட மாற்ற முடியாது. அதனால்தான் மானியம். ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அரசாங்கம் ஒரு தொகை தரும். பஸ்ஸில் ஆள் ஏறினாலும் தரும், ஏறாவிட்டாலும் தரும். ஆனால் ஓடியதைக் காட்ட வேண்டும். அதற்காக, பஸ் எங்கே போகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் சொல்லும் ஒரு சின்னப் பெட்டியும் ஒரு டிக்கெட் மெஷினும் கொடுத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் கம்பெனி அனுப்பும் விவரத்துக்கு இவை இரண்டும் சாட்சி. பொருந்தாவிட்டால் சிவப்புக் குறி. ஒரே வருடத்தில் மூன்று சிவப்புக் குறி விழுந்தால் வழியைப் பிடுங்கி டெண்டர் விட்டுவிடுவார்கள்.

மலைமகளுக்கு ஏற்கனவே இரண்டு குறி இருக்கிறது. மார்ச்சில் நடுவழியில் பஸ் நின்று, மாற்று பஸ் தாமதமாகப் போனதற்கு ஒன்று. ஜூனில் டிக்கெட் மெஷின் விவரத்தை நேரத்தில் அனுப்பாததற்கு ஒன்று. மூன்றாவதும் விழுந்தால் வேறு கம்பெனி வரும், தஞ்சோங் ரம்புத்தான் டவுனோடு திரும்பிவிடும். தோட்டத்து மண்ரோட்டில் எவன் பஸ்ஸை இறக்குவான்?

இந்த நேரம் பார்த்துத்தான் பத்துமலைக்குப் பக்தி முற்றியது. ஆயுத பூஜைக்கு முந்திய இரவே பெட்டியையும் டிக்கெட் மெஷினையும் கழற்றிச் சாமி மேடையில் வைத்தார். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்திப் பூவும் சாத்தினார். அதைப் படம் பிடித்துக் கோயில் வாட்ஸாப் குழுவிலும் போட்டார். விஜயதசமி காலைவரை யாரும் தொடவில்லை. பஸ்ஸை நிறுத்தினால் மானிய ஆபீஸ் கோபித்துக்கொள்ளும் என்று தெரியும். அதனால் பஸ் ஓடியது, ஜனங்களிடம் டிக்கெட் காசு வாங்காமல் ஓடியது. பவித்ரன் மாதக் கடைசியில் கால அட்டவணையைப் பார்த்து வழக்கம்போல எட்டு ட்ரிப் என்று அனுப்பினான்.

மானிய ஆபீஸ் கம்ப்யூட்டரில் பஸ் இருபத்து நான்கு மணி நேரமும் புந்தோங்கில் அசையாமல் இருந்தது. ஒரு டிக்கெட்டும் விழவில்லை. ஆனால் எட்டு ட்ரிப்புக்குப் பணம் கேட்டிருக்கிறார்கள். இதை விசாரிக்கத்தான் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆள் வருகிறது என்று போன வாரக் கடிதம் சொன்னது.

அன்று காலை எட்டேகாலுக்கே பவித்ரன் ஒரு காகிதத்தோடு வந்து நின்றான்.

"அக்கா, இது போதும். பெட்டி ரோசாக்னு எழுதிட்டேன். கெட்டுப் போன நாளுக்கு குறி கெடையாது. அப்பா டிரைவரு, அவரு ஒரு சைன் போட்டா முடிஞ்சிச்சி லா."

பத்துமலை பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து காகிதத்தைப் பார்த்தார்.

"என்னா எழுதியிருக்க?"

"பெட்டி கெட்டுப் போச்சின்னு."

"சாமி முன்னாடி வச்சத கெட்டுப் போச்சின்னு எழுதுவியா? ஒனக்கு புத்தி கெட்டுப் போச்சா?"

"அப்பா, இது வெறும் ஃபாரம்ப்பா!"

"சைன் போட மாட்டேன். போ."

தினேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த மனிதர் செய்த கூத்தால்தான் இத்தனை பாடு. ஆனால் பொய்க் கையெழுத்து மட்டும் போட மாட்டாராம். நான்கு நாளாக அவள் மனதுக்குள் இருந்த பயம் அந்த நேரத்தில் எப்படியோ கொஞ்சம் கரைந்தது. பஸ் ஓடியது உண்மை. உண்மையைச் சொல்ல எதற்குப் பயப்பட வேண்டும்?

"வுடு பவி," என்றாள். "நான் உள்ளத சொல்றேன். ஓடின பஸ்ஸுக்கு சாட்சி இல்லாமலா போயிடும்?"

பவித்ரன் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்போது அவள் அதைக் கவனிக்கவில்லை.

சரியாக ஒன்பதுக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. இறங்கியவள் தலையில் மஞ்சள் துடோங் அணிந்த ஒரு பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. "ஷஹீதா. மானியக் கண்காணிப்பு," என்று தமிழிலேயே சொன்னாள்.

பவித்ரனுக்கு உயிர் வந்தது. மலாய் மரியாதைச் சொல்லோடு ஆரம்பித்தான். "புவான் நம்ம ஈப்போவா? பழைய டவுன்ல நாசி கண்டார் கடை வச்சிருக்காரே, ரஹ்மத் பாய்…"

"எங்க வாப்பாதான்."

"அப்ப நம்ம ஆளு லா!"

"எங்க வாப்பா கடையிலயே நான் காசு குடுத்துட்டுத்தான் சாப்புடுவேன்," என்றாள் ஷஹீதா. "பைல் எங்க?"

பவித்ரன் பைலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

தினேஸ்வரி சுற்றி வளைக்கவில்லை. பூஜை, பெட்டி, சந்தனம், இலவசப் பயணம் என்று எல்லாவற்றையும் நேராகச் சொன்னாள். வாட்ஸாப் படத்தையும் காட்டினாள். ஷஹீதா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெற்றிலை பாக்குக்கும் அவல் பொரிக்கும் நடுவே டிக்கெட் மெஷின் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"வெள்ளத்துல போச்சி, எலி கடிச்சிருச்சி, கொரங்கு தூக்கிட்டுப் போயிருச்சின்னு கேட்டிருக்கேன்," என்றாள். உதட்டோரம் லேசாக ஆடியது. "பூஜையில இருந்திச்சின்னு இப்பதான் கேக்குறேன்."

"தப்புதான் மா," என்றார் பத்துமலை. "ஆனா பஸ் ஓடிச்சி."

"அங்கிள், நீங்க தோட்டத்துல பொறந்தவருதானே? காலையில பெரட்டுக்கு நிக்காம நேரா பால்மரம் சீவப் போனா அன்னிக்கி பேரு உண்டா?"

பத்துமலைக்கு அது தெரியும். இருட்டோடு எழுந்து ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடி, கிராணி என்கிற தோட்டத்துக் குமாஸ்தா பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்த அம்மாவின் இடுப்பில் வளர்ந்தவர் அவர். பெரட்டில் பெயர் விழாதவனுக்குச் சம்பளம் இல்லை. வேலை செய்தேன் என்று அழுதாலும் இல்லை.

"இல்ல மா," என்றார்.

"இந்தப் பெட்டிதான் ஒங்க பெரட்டு. அத தூக்கி சாமிகிட்ட குடுத்துட்டிங்க." ஷஹீதா பைலை மூடினாள். "சரி. பெட்டி இல்லாத நாளுக்கு வேற ஆதாரம் இருந்தா ஏத்துக்கலாம்னு விதி இருக்கு. கம்பெனியோட ஆதாரம் செல்லாது. ஒங்க ஆளுங்க சொல்றதும் செல்லாது. சம்பந்தமில்லாத யாராவது அன்னிக்கே எழுதி வச்சிருக்கணும்."

தினேஸ்வரி யோசித்தாள். காலையிலிருந்து மாலைவரை அந்த பஸ் போகும் இடங்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டினாள். பாசார், ஸ்டேஷன், ஆஸ்பத்திரி…

"ஆஸ்பத்திரி கேட்டு!" என்றாள். "உள்ள வார ஒவ்வொரு வண்டி நம்பரையும் காவலுக்கு நிக்கிற ஜாகா எழுதுவாரு. நேரம் போட்டு எழுதுவாரு."

ஷஹீதா முதல் முறையாக அவளை மரியாதையோடு பார்த்தாள். "அடுத்த பஸ் எத்தன மணிக்கு?"

பதினொரு மணி பஸ்ஸில் போனார்கள். பத்துமலை ஓட்டினார். வாழ்க்கையில் அவ்வளவு பத்திரமாக அவர் ஓட்டியதில்லை. மஞ்சள் விளக்குக்கே நின்றார். ஷஹீதா முன் இருக்கையில் உட்கார்ந்து, அட்டையை மெஷினில் தட்டி ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டே வந்தாள். டிக்கெட் மெஷினின் ஓரத்தில் இன்னும் ஒரு பொட்டு சந்தனம் காய்ந்து கிடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஷஹீதா தன் அரசாங்க அட்டையைக் காட்டினாள். ஜாகா பழைய புத்தகத்தை எடுத்து வந்தார். ஆயுத பூஜை நாள் பக்கத்தில் மலைமகள் பஸ்ஸின் நம்பர், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்தில், வரிசையாக இருந்தது.

ஷஹீதா விரலை வைத்து எண்ணினாள். "ஏழு."

"எட்டு," என்றாள் தினேஸ்வரி.

"ஏழுதான் இருக்கு. ஆறு நாப்பதுக்கு ஈப்போவுல எடுக்குற கடைசி ட்ரிப் இல்ல." ஷஹீதா பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டாள். "ஏழே காலுக்கு இங்க வரணும். ஜாகா ஷிப்ட் மாறுற நேரம். எழுத மறந்திருக்கலாம். நடக்குறதுதான். மூணு மணிக்கு டிப்போவுல ஒக்காந்து ரிப்போர்ட் எழுதுவேன். அந்த ட்ரிப் ஓடிச்சா ஓடலயான்னு கம்பெனி என்ன சொல்லுதோ, அத எழுதிக்கிறேன். கேட்டு சொல்லுங்க."

தினேஸ்வரிக்கு மனம் லேசானது. ஏழு ட்ரிப் நிரூபணமாகிவிட்டது. எட்டாவதற்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைக்கூட அப்போதே சொல்லியிருப்பாள். என்னவோ, 'கேட்டு சொல்லுங்க' என்ற பேச்சு அவள் வாயைக் கட்டியது.

பஸ் தோட்டத்துக்குப் போனது. லயத்து வாசலில் ஆறேழு பேர் ஏறினார்கள். கடைசியாக ஏறியவர் ராக்காயி. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. பகல் ஒரு மணிக்கு உள்ளே போனால் மாலை ஏழு மணிக்கு வெளியே வந்து, கடைசி பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்.

"என்னா தினேஸ், அதிசயமா பஸ்ல?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சும்மாதான் அக்கா. பூஜை அன்னிக்கி பொரி கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சி, கெடச்சிச்சி. ஒங்க அப்பா ரெண்டு பொட்டலம் குடுத்தாரு. நல்லதாப் போச்சி. அன்னிக்கி ராத்திரி அதுதான எனக்கு சாப்பாடு."

"ஏன்?"

"கடைசி பஸ் வரல லா. எட்டரை வரைக்கும் நின்னேன். மழ வேற இருட்டிக்கிட்டு வந்திச்சி. சரி, இனிமே வராதுன்னு நடந்துட்டேன்."

தினேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். "நடந்தா? தோட்டம் வரைக்குமா?"

"வேற? நாலு கிலோமீட்டருதான. செம்பனைக்குள்ள பன்னி உருமுற சத்தம் கேக்குது, ஃபோன் லைட்ட அடிச்சிக்கிட்டு, 'முருகா முருகா'ன்னு வந்து சேந்தேன்."

"ஏன் அக்கா யாருகிட்டயும் சொல்லல? புகார் பண்ணியிருக்கலாமே?"

ராக்காயி அவளை விநோதமாகப் பார்த்தார். "பத்துமலை அண்ணே பஸ்ஸ போயி யாராவது புகார் பண்ணுவாங்களா? நம்ம பஸ்ஸாச்சே. ஏதோ கஷ்டமா இருக்கும்னு வுட்டுட்டேன்."

அவர் சொன்னது முன் இருக்கைக்குக் கேட்கவில்லை. ஷஹீதா ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டாவது ட்ரிப் ஓடவில்லை என்பது இப்போது தினேஸ்வரிக்குத் தெரியும், ஷஹீதாவுக்குத் தெரியாது.

அவளுக்கு அவமானமாக இருந்தது. நான்கு நாளாக அந்தப் பெட்டியைத் திட்டித் தீர்த்திருந்தாள். அரசாங்கத்துக்கு நம் மேல் நம்பிக்கை இல்லை என்று புலம்பியிருந்தாள். அரசாங்கத்துக்கு என்ன வந்தது? இருட்டில் நடந்தது ராக்காயி அக்கா. வாய் திறந்து புகார் சொல்லத் தெரியாத இவர்களுக்காகத்தானே அந்தப் பெட்டியை வைத்திருக்கிறார்கள்!

இரண்டு மணிக்குப் புந்தோங் திரும்பினார்கள். ஷஹீதா தொழுதுவிட்டுச் சாப்பிட்டு வருகிறேன் என்று போனாள். கார் தெருவைத் தாண்டியதும் தினேஸ்வரி அப்பாவைப் பிடித்தாள்.

"பூஜை அன்னிக்கி கடைசி ட்ரிப் ஏன்பா ஓட்டல?"

"ஓடிச்சே. நான் ஓட்டல மா. ஏழு ட்ரிப் ஓட்டினேன், இடுப்பு வலி. சாவிய தம்பிகிட்ட குடுத்துட்டு சாயந்தர பூஜைக்கு ஒக்காந்துட்டேன்."

இருவரும் பவித்ரனைப் பார்த்தார்கள். அவன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான்.

"பவி."

"அக்கா…"

"எங்க போன?"

பவித்ரன் திரையை அணைத்தான். பிறகு கொட்டிவிட்டான். கூட்டாளி ஒருவன் வீட்டு நிச்சயதார்த்தம், தூரத்தில் இருக்கும் சிலிம் ரிவர் ஊரில். வேன் கடைசி நேரத்தில் வரவில்லை. முப்பது பேர், நல்ல வாடகை தருவதாகச் சொன்னான். கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்கிறது. பெட்டிதான் பூஜையில் இருக்கிறதே, பஸ் எங்கே போனாலும் யாருக்குத் தெரியும் என்று நினைத்தான்.

"கடைசி ட்ரிப்ல ரெண்டு மூணு பேருதான் வருவாங்க அக்கா. ஒரு நாளுதானன்னு…"

"அந்த ரெண்டு மூணு பேருல ஒருத்தவங்க ராக்காயி அக்கா. மழையில நடந்தே வீட்டுக்குப் போனாங்க. தெரியுமா ஒனக்கு?"

அவனுக்குத் தெரியாது. பத்துமலைக்கும் தெரியாது. கிழவர் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். மகனை அடிக்கக் கை ஓங்குவார் என்று தினேஸ்வரி நினைத்தாள். அவர் ஓங்கவில்லை.

"சாமிக்குன்னு வச்சேன்," என்றார். "நீ அதுலயா திருடின?"

பவித்ரன் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பேச்சை விடவில்லை. "அக்கா, அந்த புவானே சொல்லுதே, ஜாகா எழுத மறந்திருக்கலாம்னு. ஓடிச்சின்னு ஒரு வார்த்த சொல்லு. குறியும் வுழாது, ஒண்ணும் வுழாது. நான் தப்பு பண்ணிட்டேன், இனிமே சத்தியமா பண்ண மாட்டேன். என் பேரு வெளிய வந்தா தெலுக் இந்தான்ல என்னா சொல்வாங்க? மாப்ள மேனேஜருன்னுதான பொண்ணு குடுக்குறாங்க?"

தினேஸ்வரி கொட்டகை வாசலுக்குப் போய் நின்றாள். தம்பியை அவனுடைய பத்து வயதிலிருந்து வளர்த்தவள் அவள். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டவள். பெயர் வெளியே வந்தால் அவன் கல்யாணம் நின்றுவிடலாம். ஒரு வார்த்தைதான். சொன்னால் வழியும் பிழைக்கும், தம்பியும் பிழைப்பான். உண்மையைச் சொன்னால் மூன்றாவது குறி விழலாம், நாற்பது குடும்பத்துக்கும் பஸ் போகலாம். ராக்காயிக்காகச் சொல்லும் உண்மை ராக்காயியின் பஸ்ஸையே நிறுத்திவிட்டால்?

அந்தக் கேள்விதான் அவளை ரொம்ப நேரம் வாட்டியது. ஆனால் இன்னொன்றும் தோன்றியது. இன்றைக்கு ஓடாத பஸ்ஸை ஓடியது என்று சொல்லிவிட்டால், நாளைக்கு எந்தப் பஸ்ஸும் ஓட வேண்டியதில்லை. அப்படிச் சொல்லிப் பிழைக்கும் வழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்று மணிக்கு ஷஹீதா வந்து மேஜையில் மடிக்கணினியைத் திறந்தாள்.

"எட்டாவது ட்ரிப்?"

"ஓடல," என்றாள் தினேஸ்வரி.

பவித்ரன் தலை குனிந்தான்.

ஷஹீதா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "ஓடலயா, தெரியலயா?"

"ஓடல. எனக்கு இன்னிக்கித்தான் தெரியும். தப்பா கேட்டுட்டோம். அந்த ட்ரிப்ப நாங்க வாபஸ் வாங்கிக்கிறோம்."

ஷஹீதா கொஞ்ச நேரம் பேனாவை மேஜையில் தட்டினாள். "நான் கண்டுபிடிச்சிருந்தா செவப்பு. அதுல பேச்சே இல்ல. நான் ரிப்போர்ட்ட மூடுறதுக்கு முந்தி கம்பெனியே எழுதிக் குடுத்து திருத்தினா, அத தனியா எழுதணும். செவப்பு போடறதா, எச்சரிக்கையோட வுடறதான்னு கமிட்டிதான் முடிவு பண்ணும். திங்கக்கெழம கூட்டம். நான் எந்த வாக்கும் குடுக்க முடியாது."

"வேணாம்."

"லெட்டர்ல அந்த பஸ்ஸ யாரு எடுத்தா, எங்க போனாங்கன்னு பேரோட இருக்கணும். அந்த ஆளு ரெண்டு வருஷத்துக்கு மானிய வேலையில கை வைக்கக் கூடாது. மேனேஜருன்னு சைன் போட முடியாது. அஞ்சு மணிக்குள்ள குடுங்க."

தினேஸ்வரி வெள்ளைத் தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. தம்பி பெயரைத் தன் கையால் எழுத அவளுக்கு வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது, அதை மறைக்கவும் இல்லை.

பவித்ரன் எழுந்து வந்தான். பேனாவை அவள் விரலிலிருந்து உருவினான்.

"குடு. நான் எழுதறேன்."

எழுதினான். சிலிம் ரிவர் என்று எழுதினான், வாடகை வாங்கியதை எழுதினான், பெட்டி பூஜையில் இருப்பது தெரிந்தேதான் எடுத்தேன் என்றும் எழுதினான். மேஜை மேல் இருந்த அவன் கைப்பேசியில் 'ஷாமினி' என்று ஒளிர்ந்தது. அவன் அதைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். பத்துமலை கம்பெனி சாப்பை எடுத்து வந்து, மை தொட்டு, அந்தக் கையெழுத்தின் மேல் அழுத்தி வைத்தார்.

ஷஹீதா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பைலில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, "அடுத்த வருஷம் பூஜைக்கி பெட்டிய வண்டியிலயே வச்சி சந்தனம் பூசுங்க அங்கிள்," என்றாள். "அதுக்கு விதியில தடை இல்ல."

கார் போனதும் தினேஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆறு நாப்பது பஸ்ல நீயும் போ பவி. ராக்காயி அக்காகிட்ட நீயே சொல்லு."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கே."

பத்துமலை ஓட்டினார். பவித்ரன் படிக்கு அருகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏழே காலுக்கு ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ராக்காயி ஏறி, அட்டையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பவித்ரன் அவர் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னான். சிலிம் ரிவரைச் சொன்னான், கடிதத்தைச் சொன்னான், திங்கட்கிழமைக் கூட்டத்தையும் சொன்னான்.

"என்ன மன்னிச்சிருங்க அக்கா."

ராக்காயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தில் இவ்வளவு கோபத்தை பவித்ரன் பார்த்ததே இல்லை.

"மன்னிப்பு இருக்கட்டும் தம்பி. திங்கக்கெழமைக்கி அப்பறம் இந்த பஸ் வருமா, வராதா?"

"தெரியல அக்கா," என்றான். "ஆனா அதுவரைக்கும் ஒரு ட்ரிப்பும் நிக்காது."

"நிக்காதுன்னு நீ சொல்ற." ராக்காயி கைப்பையைத் திறந்து கைப்பேசியை எடுத்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். கதவுக்கு மேலே ஒட்டியிருந்த சீட்டைச் சுட்டினார். "அதுல புகார் நம்பரு எழுதியிருக்குல்ல? எனக்கு அந்த எழுத்து தெரியல. படி."

"அக்கா?"

"படி தம்பி. இனிமே வரலன்னா நான் நடக்க மாட்டேன், ஃபோன் அடிப்பேன். லயத்துல நாப்பது வீட்டுக்கும் இந்த நம்பர குடுப்பேன். திங்கக்கெழம கமிட்டிக்கும் நானே அடிச்சி கேப்பேன், எங்க பஸ்ஸ என்னா பண்ணப் போறிங்கன்னு."

ஸ்டியரிங்கில் இருந்த பத்துமலை திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "படிடா."

பவித்ரனின் சட்டைப் பையில் கைப்பேசி மூன்றாவது முறையாக அதிர்ந்தது. அவன் அதை எடுக்கவில்லை. சீட்டை அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு எண்ணாக, சத்தமாகப் படித்தான்.